கடலுணவுக் கழிவுக்குள் இருப்பது என்ன? ஓர் எளிய அறிமுகம்

ஒரு கிலோ இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை நீக்கி முடிக்கும்போது, தட்டில் சதையாக மிஞ்சுவது பெரும்பாலும் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். மீதமுள்ள தலைகளும் ஓடுகளும் ஒரு குவியலாக ஒதுங்கிக் கிடக்கும். மீனைத் தோலும் முள்ளும் இல்லாத துண்டங்களாக வெட்டி விற்கும் ஆலைகளிலும் இதே கதைதான். தலை, நடுமுள், தோல், செதில், செவுள், குடல் ஆகியவை சேர்ந்து, மீனின் இனத்தையும் வெட்டும் முறையையும் பொறுத்து, உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை ஆகிவிடும். 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் பிடிக்கப்பட்டும் வளர்க்கப்பட்டும் கிடைத்த நீர்வாழ் விலங்குகளின் அளவு 18.5 கோடி டன்னைத் தொட்டது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் ஓடு மட்டுமே ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் கழிவாகிறது என்று 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரையொன்று சுட்டிக்காட்டியது.

இவ்வளவு பெரிய குவியலைக் கழிவு என்று அழைப்பது நம்முடைய வசதிக்காகத்தான். மெல்ல முடியாதது, வழுவழுப்பது, முள் நிறைந்தது, நாற்றமடிப்பது என்ற காரணங்களால் நாம் ஒதுக்குகிறோமே தவிர, அந்த உறுப்புகளுக்குள் இருக்கும் வேதிப்பொருள்கள் சதையில் இருப்பவற்றைவிட எந்த வகையிலும் தாழ்ந்தவை அல்ல. உடலைக் காக்கவும் தாங்கவும் கொழுப்பைச் சேமிக்கவும் செரிக்கவும் அமைந்த உறுப்புகள் என்பதால், சில பொருள்கள் சதையைக் காட்டிலும் அவற்றில்தான் செறிவாக இருக்கின்றன. அவை எவை, எப்படிப் பிரித்தெடுக்கப்படுகின்றன, மனித உடலுக்கு உண்மையிலேயே என்ன செய்கின்றன என்பதைத் தொடக்க நிலை வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்றாவது கேள்வியை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால், ‘உடல்நலத்துக்கு நல்லது’ என்ற ஒரே பெயர்ப்பலகையின் கீழ், பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளில் பயன்படும் மருந்தும், சோதனைக் குழாயை விட்டு இன்னும் வெளியே வராத நம்பிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்கப்படுகின்றன.

முதல் சில மணி நேரம்

வேதியியலுக்குள் நுழையும் முன் அழுகலைப் பற்றிப் பேசியாக வேண்டும். மீனின் குடலில் இருக்கும் செரிமான நொதிகள் மீன் இறந்ததும் ஓய்ந்துவிடுவதில்லை. செரிக்க இரை இல்லாத நிலையில், சுற்றியிருக்கும் திசுக்களையே கரைக்கத் தொடங்கிவிடுகின்றன. கூடவே பாக்டீரியாக்கள் பெருகி, கடல் மீன்களின் உடலில் இயல்பாக உள்ள டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருளை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. ‘மீன் கவுச்சி’ என்று நாம் முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்த டிரைமெத்திலமைனின் வாடைதான். இறால் தலைகளில் வேறொரு நொதி வேலை செய்து, சில மணி நேரத்திலேயே அவற்றைக் கறுக்க வைக்கிறது. சூரை, மத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர் தவறினால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உருவான ஹிஸ்டமினை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அகற்ற முடியாது.

ஆகவே, விலைமதிப்புள்ள சேர்மம் எதையும் எடுக்க விரும்பும் ஆலைக்கு முதலில் வேண்டியது நுணுக்கமான கருவி அல்ல, பனிக்கட்டியும் தனித்தனிக் கூடைகளும்தான். தோல் ஒரு கூடையிலும் தலை ஒரு கூடையிலும் குடல் வேறொரு கூடையிலும் சேர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினால், குடலில் உள்ள நொதி தோலில் உள்ள புரதத்தை நாம் கேட்காமலேயே கரைத்துவிடும். குளிர்பதன வசதி இல்லாத இடங்களில், கழிவை அரைத்து ஃபார்மிக் அமிலம் கலந்து, பாக்டீரியாக்கள் வளர முடியாத அளவுக்குப் புளிப்பாக்கி வைக்கும் முறை நெடுங்காலமாக வழக்கில் உண்டு. அப்படிச் செய்த கூழ் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்கும் உரத்துக்கும்தான் போகும். மனிதர் உட்கொள்ளும் பொருளை எடுக்க வேண்டுமானால், கழிவைத் தொடக்கத்திலிருந்தே உணவாகவே கருதிக் கையாண்டிருக்க வேண்டும்.

இறால் ஓட்டின் மூன்று அடுக்குகள்

கழுவிய இறால் ஓடு ஒன்றை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, அது மூழ்கும் அளவுக்கு வினிகரை ஊற்றிப் பாருங்கள். சிறிது நேரத்தில் ஓட்டின் மேற்பரப்பில் ஊசிமுனைக் குமிழிகள் அரும்பும். ஓட்டுக்கு விறைப்பைத் தந்துகொண்டிருந்த கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்கும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அது. மறுநாள் எடுத்துப் பார்த்தால், ஓடு தன் வடிவத்தை இழக்காமலேயே துவண்டு, நனைந்த காகிதம்போல் மடங்கும். தொழிற்சாலையில் நடக்கும் முதல் கட்டமும் இதுவேதான். அங்கே வினிகருக்குப் பதிலாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுகிறது, அவ்வளவே வேறுபாடு.

துவண்டு நிற்கும் அந்தச் சவ்வில் புரதமும் கைட்டினும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நீர்த்த எரிசோடாக் கரைசலில் சூடாக்கினால் புரதம் கரைந்து போய்விடும், கைட்டின் மட்டும் வெளிறிய செதில்களாக எஞ்சும். காய்ந்த ஓட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு வரை கைட்டினாக இருக்கும். மீதியைச் சுண்ணமும் புரதமும் பங்கிட்டுக்கொள்ளும்.

கைட்டினை முதலில் கண்டவர் இறாலைத் தேடிப் போனவர் அல்லர். 1811-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராகொனோ காளான்களிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார். 1823-இல் ஓடியே என்பவர் பூச்சிகளின் மேலோட்டில் அதைக் கண்டு, மேலாடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினார். பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோசுக்கு இது மிக நெருங்கிய உறவு. இரண்டுமே சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்கள்தாம். செல்லுலோசின் ஒவ்வொரு கண்ணியிலும் குறிப்பிட்ட ஓரிடத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பதிலாக, கைட்டினில் நைட்ரஜனைத் தாங்கிய அசிட்டைல் அமினோ தொகுதி அமர்ந்திருக்கிறது. அந்தச் சிறு மாற்றமே பிற்பாடு பெரிய வேறுபாடாக விரிகிறது.

கைட்டினின் குறை, அது நீரிலோ எளிய கரைப்பான்களிலோ கரையாது என்பது. கரையாத பொருளைக் கொண்டு மருந்தும் செய்வது கடினம், மெல்லிய படலமும் செய்வது கடினம். 1859-இல் ரூஜே என்ற பிரெஞ்சு அறிஞர் கைட்டினைச் செறிந்த காரத்தில் கொதிக்க வைத்தபோது, அது நீர்த்த அமிலத்தில் கரையும் புதுப் பொருளாக மாறக் கண்டார். அதுவே இன்று கைட்டோசான் எனப்படுவது. காரம் அசிட்டைல் பகுதியைக் கத்தரித்துவிடுவதால், ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் அமினோ தொகுதி வெளிப்பட்டு நிற்கிறது. அமிலச் சூழலில் அது நேர்மின்னூட்டம் பெறுகிறது. இயற்கையில் பெருமளவில் கிடைக்கும் மாப்பொருள் வகைகளில் நேர்மின்னூட்டம் கொண்டவை அரிது என்பதால், கைட்டோசானின் பயன்கள் அநேகமாக எல்லாமே இந்த ஒரே பண்பிலிருந்து கிளைக்கின்றன.

இரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது. காயத்தில் கைட்டோசான் பட்டதும் அணுக்கள் அதில் ஒட்டித் திரண்டு, இரத்தம் வழக்கமாக உறையும் வழியைப் பெரிதும் சார்ந்திராமலேயே காயத்தை அடைத்துவிடுகின்றன. இறால் ஓட்டிலிருந்து செய்த இத்தகைய கட்டுத்துணிகள் 2000-களின் தொடக்கத்திலிருந்து போர்க்களங்களிலும் அவசர சிகிச்சையிலும் பயன்பட்டு வருகின்றன. வாய்வழி உட்கொண்டால் கதை வேறு. இரைப்பையின் அமிலத்தில் கரையும் கைட்டோசான், சிறுகுடலில் அமிலம் குறைந்ததும் மீண்டும் திரிந்து, கொழுப்பிலும் பித்த உப்பிலும் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் உட்கொண்டால் இரத்தக் கொலஸ்டிரால் இயல்பு நிலையில் இருக்க உதவும் என்ற கூற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளித்திருக்கிறது. உடல் எடையைக் குறைக்கும் என்ற விளம்பரம் அந்த அளவுக்குத் தேறவில்லை. நன்றாக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் தொகுத்துப் பார்த்தபோது, எடையில் ஏற்பட்ட மாற்றம் புறக்கணிக்கத்தக்க அளவே இருந்தது.

கைட்டினைச் செறிந்த அமிலத்தில் கொதிக்க வைத்தால் சங்கிலி முழுவதும் அறுந்து, குளுக்கோசமைன் என்ற ஒற்றைக் கண்ணி கிடைக்கும். 1876-இல் கியோர்க் லெடர்ஹோசே இவ்வழியில்தான் அதைக் கண்டறிந்தார். நம் மூட்டுகளின் குருத்தெலும்பைக் கட்ட உடலே குளுக்கோசமைனைத் தயாரித்துக்கொள்வதால், அதை மாத்திரையாகக் கொடுத்தால் தேய்ந்த மூட்டு தேறும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. கேட்கும்போது நியாயமாகத் தோன்றும் இந்த எண்ணத்தை அமெரிக்காவில் 1,583 முழங்கால் நோயாளிகளிடம் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில், குளுக்கோசமைனும், அதனுடன் கொடுக்கப்படும் காண்ட்ராய்ட்டின் என்ற குருத்தெலும்புப் பொருளும் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு வலியைக் குறைக்கவில்லை. மிதமானது முதல் கடுமையானது வரை வலி இருந்த சிறு குழுவில் மட்டும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பயன் தெரிந்தது. அதை உறுதியான முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். இன்றும் உலகில் மிகுதியாக விற்கும் துணையுணவுகளில் குளுக்கோசமைன் ஒன்று. உடலில் இருக்கும் பொருளை வாய்வழி கொடுத்தால் அது நேராக உரிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அவ்வளவு எளிதில் விட்டுப்போவதில்லை.

ஓட்டில் இன்னொரு பொருளும் இருக்கிறது, அதை அடுப்பில் கண்ணாலேயே பார்க்கலாம். சாம்பல் நிறமாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கும் இறால் கொதிநீரில் விழுந்ததும் செம்மஞ்சள் நிறமாவது ஏன்? அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி உயிருள்ள ஓட்டில் ஒரு புரதத்தோடு பிணைந்திருக்கும்போது அதன் நிறம் நீலத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது. வெப்பம் அந்தப் புரதத்தைக் குலைத்ததும், நிறமி தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. இது எண்ணெயில் கரையும் பொருள் என்பதால், அரைத்த ஓட்டைத் தாவர எண்ணெயில் ஊற வைத்தாலே ஓரளவு இறங்கிவிடும். தூய்மையாக வேண்டுமெனில், உயர் அழுத்தத்தில் பாதி வாயுவும் பாதி நீர்மமுமாக நடந்துகொள்ளும் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திப் பிரிக்கிறார்கள். வலுவான ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்று அதற்குப் பெயர். சோதனைக் குழாயில் அது உண்மைதான். ஆனால் சந்தையில் உள்ள அஸ்டாக்சாந்தினில் பெரும்பகுதி வேதிமுறையில் செயற்கையாகத் தயாரானது அல்லது ஒருவகை நுண்பாசியில் வளர்க்கப்பட்டது. ஓட்டில் அதன் அளவு ஒரு கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் என்ற அளவிலேயே இருப்பதால், அதற்காக மட்டும் ஓட்டைப் பிழிவது கட்டுப்படியாகாது.

தோலும் முள்ளும் நொதியின் கத்தரிக்கோலும்

மீன் தோலின் பெரும்பகுதி கொலாஜன். மூன்று புரத இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட அமைப்பு அது. சூடான நீரில் முறுக்கு அவிழ்ந்தால் ஜெலட்டின் ஆகிறது. மீன் கொதித்த சாறு ஆறியதும் குழகுழப்பாக இறுகுவதைப் பார்த்தவர்கள் இந்த மாற்றத்தை ஏற்கெனவே அறிந்தவர்கள்தான். முறுக்கு எந்த வெப்பத்தில் அவிழும் என்பது மீன் வாழ்ந்த நீரைப் பொறுத்தது. குளிர்கடல் மீன்களின் கொலாஜனில், கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதனால் காட் மீனின் கொலாஜன் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசிலேயே குலைந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன்களின் கொலாஜன் அதைவிட நன்றாகத் தாங்கும். மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து வரும் ஜெலட்டினைச் சமய நெறி காரணமாகத் தவிர்ப்பவர்களுக்கு மீன் ஜெலட்டின் ஒரு மாற்று வழி.

தோலை அப்படியே பயன்படுத்தும் வழியும் உண்டு. பிரேசிலின் செயரா கூட்டாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிருமி நீக்கிய திலேப்பியா தோலைத் தீக்காயங்களின் மேல் போர்த்திச் சோதித்தார்கள். கொலாஜன் நிறைந்த அத்தோல் புண்ணோடு ஒட்டி ஈரத்தைக் காப்பதால், கட்டை அடிக்கடி பிரித்து மாற்றும் வேதனை குறைகிறது. ஐஸ்லாந்தில் காட் மீன் தோலிலிருந்து செல்களை நீக்கிச் செய்த ஒட்டுத்தோலுக்கு 2013-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது.

அதிகம் பேசப்படுவது இன்னொரு வழி. தோல், தலை, நடுமுள்ளில் ஒட்டிய சதை ஆகியவற்றை அரைத்து நீர் சேர்த்து, 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கி, புரதத்தைக் கத்தரிக்கும் நொதியைக் கலப்பார்கள். சில மணி நேரத்தில், கெட்டியான கூழ் சட்டென்று தண்ணீராக இளகும். பின்னர் 90 டிகிரி அளவுக்குச் சூடேற்றி நொதியைச் செயலிழக்கச் செய்து, சுழற்சிப் பிரிப்பானில் இட்டால் கலவை அடுக்கடுக்காகப் பிரியும். மேலே எண்ணெய் மிதக்கும், நடுவில் பெப்டைடுகள் கரைந்த நீர் நிற்கும், அடியில் முள்ளும் கரையாத வண்டலும் தங்கும். பெப்டைடு என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துண்டு. எவ்வளவு நேரம் கத்தரிக்க விடுகிறோம் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. குறைவாக வெட்டினால் துண்டுகள் பெரிதாக நிற்கும். அளவுக்கு மீறி வெட்டினால், புரதத்தின் உள்ளே மறைந்திருந்த நீரை வெறுக்கும் பகுதிகள் வெளியே வந்து, தூள் வாயில் வைக்க முடியாதபடி கசக்கும்.

இத்துண்டுகளில் சில, இரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உருவாகத் தேவையான நொதியைத் தடுக்கின்றன. இது வெறும் கற்பனையாகத் தோன்றலாம். ஆனால் 1981-இல் அனுமதி பெற்ற கேப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மருந்தே, பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்த பெப்டைடுகள் காட்டிய வழியில் பிறந்ததுதான். சிறப்பு உடல்நலப் பயனுள்ள உணவுகளுக்கென 1991 முதல் தனி அனுமதி முறை வைத்திருக்கும் ஜப்பானில், மத்தி மீன் புரதத்திலிருந்து எடுத்த பெப்டைடு சேர்த்த உணவுப் பொருள்கள் அனுமதி பெற்றன. அவை இரத்த அழுத்தம் சற்றே கூடுதலாக உள்ளவர்களுக்கானவை, மருந்துக்கு மாற்று அல்ல. ஆய்வகத் தட்டில் நொதியைத் தடுக்கும் பெப்டைடுகள் நூற்றுக்கணக்கில் பதிவாகியுள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றை நம் குடலில் உள்ள நொதிகள் மேலும் வெட்டித் தனி அமினோ அமிலங்களாக்கிவிடும் என்பதால், தட்டிலிருந்து இரத்த ஓட்டம் வரையிலான பயணத்தில் தேறுபவை சிலவே. தோலின் சுருக்கம் போக்கும் என்று விற்கப்படும் கொலாஜன் தூளைப் பற்றியும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதை உண்டவரின் தோலில் ஈரப்பசையும் நெகிழ்வும் கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவற்றில் பல சிறியவை, விற்பனையாளர்களின் பணத்தில் நடந்தவை.

எண்ணெய்

சூரை மீனின் தலையை வெட்டிப் பார்த்தால், கண்ணுக்குப் பின்னால் கொழகொழவென்ற கொழுப்புத் திரள் தெரியும். 22 கார்பன் அணுக்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் செறிந்த பகுதிகளில் அது ஒன்று. துண்டம் போடும் ஆலைகள் ஒதுக்கும் தலை, ஈரல், குடல் ஆகியவற்றிலிருந்து மீன் எண்ணெய் எடுப்பது இத்துறையில் மிகவும் முதிர்ந்த தொழில். எடுத்த எண்ணெயிலிருந்து பிசினை நீக்கி, கட்டற்ற அமிலத்தைக் காரத்தால் சமன் செய்து, களிமண்ணால் நிறம் போக்கி, வெற்றிடத்தில் ஆவி செலுத்தி வாடையை அகற்றுவார்கள். இரட்டைப் பிணைப்பு ஒவ்வொன்றும் ஆக்சிஜன் தாக்க ஏற்ற வாசல் என்பதால், பழைய கழிவிலிருந்து எடுத்த எண்ணெய் தொடக்கத்திலேயே ஊசிப்போயிருக்கும். ஊசலின் வாடையைப் போக்கலாமே தவிர, கெட்டுப்போன கொழுப்பு அமிலத்தை மீட்க முடியாது.

இதயத்துக்கு ஒமேகா-3 நல்லது என்ற பொதுவான கூற்று, ஆய்வுகளின் முன் சற்றுச் சிக்கலாகிவிட்டது. 2018-இல் முடிவு வெளியான ‘வைட்டல்’ ஆய்வில், 25,871 பேரிடம் நாளொன்றுக்கு 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரை ஐந்தாண்டுகளுக்கு மேல் சோதிக்கப்பட்டது. பெரிய இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதே ஆண்டின் ‘ரெட்யூஸ்-இட்’ ஆய்வில், இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுந்த 8,179 நோயாளிகளுக்கு, ஈ.பி.ஏ. என்ற மற்றோர் ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தைத் தூய்மைப்படுத்திச் செய்த மருந்து நாளொன்றுக்கு 4 கிராம் கொடுக்கப்பட்டபோது, அத்தகைய நிகழ்வுகள் 25 விழுக்காடு குறைந்தன. ஒப்பீட்டுக்குக் கொடுக்கப்பட்ட கனிம எண்ணெயே அக்குழுவினருக்குத் தீங்கு செய்து, வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டியிருக்கலாம் என்ற விமர்சனமும் எழுந்தது. கடையில் வாங்கும் மாத்திரையும் மருத்துவர் எழுதித் தரும் மருந்தும் ஒரே மீன் தலையிலிருந்து கிளம்பினாலும், அளவிலும் தூய்மையிலும் வேறானவை, ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்குக் கடனாகக் கொடுக்க முடியாது.

அதிகம் பேசப்படாத மருந்து

விளம்பரப் பலகைகளில் இடம்பெறாத ஒரு பொருளைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவாகாது. 1874-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஃப்ரீட்ரிக் மீஷர், ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்தணுக்களிலிருந்து, காரத்தன்மை மிகுந்த ஒரு பொருளைப் பிரித்து அதற்குப் புரோட்டமின் என்று பெயரிட்டார். இந்தச் சிறு புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நிறைந்திருப்பதால், அதுவும் கைட்டோசானைப் போலவே வலுவான நேர்மின்னூட்டம் உடையது. இதய அறுவை சிகிச்சையின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் செலுத்தப்படுகிறது. அது கடுமையான எதிர்மின்னூட்டம் கொண்டது. அறுவை முடிந்ததும் புரோட்டமினைச் செலுத்தினால், இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஹெப்பாரின் செயலிழக்கிறது, இரத்தம் மீண்டும் உறையத் தொடங்குகிறது. 1936-இல் டென்மார்க்கின் ஹாகெடோர்ன் குழுவினர் இன்சுலினோடு புரோட்டமினைச் சேர்த்து, மெல்ல மெல்லக் கரைந்து நெடுநேரம் வேலை செய்யும் இன்சுலினை உருவாக்கினார்கள். அதன் வழிவந்த என்.பி.எச். இன்சுலின் இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. மீனை வெட்டும்போது குடலோடு சேர்த்து எறியப்படும் விந்துப்பைதான் இம்மருந்துகளின் மூலம். கடலுணவுக் கழிவிலிருந்து கிடைத்தவற்றில் சான்று மிகவும் உறுதியாக உள்ளது இதற்குத்தான் என்பது என் கருத்து. மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது கடுமையான எதிர்விளைவைத் தரக்கூடும் என்பதால், மருத்துவர்கள் அதையும் கேட்டறிந்தே செலுத்துவார்கள்.

ஒவ்வாமையைத் தொட்ட பிறகு நச்சுகளையும் தொட வேண்டும். நல்ல சேர்மங்களைச் செறிவாக்கும் அதே முறைகள் கெட்டவற்றையும் செறிவாக்கக்கூடும். எது எங்கே போகும் என்பதை வேதியியலே தீர்மானிக்கிறது. பாதரசம் புரதத்தோடு பிணைவதால் பெரும்பாலும் எண்ணெயில் இறங்குவதில்லை, பெப்டைடு தூளில்தான் அதைத் தேட வேண்டும். டயாக்சின் போன்ற மாசுகள் கொழுப்பில் கரைபவை என்பதால் எண்ணெயோடு வந்துவிடும், அவற்றைத் தனியே வடிக்க வேண்டும். கேட்மியம் நண்டு, கணவாய் ஆகியவற்றின் ஈரல் போன்ற சுரப்பியில் திரள்கிறது. இறால் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணமான டிரோபோமயோசின் ஒரு தசைப் புரதம். ஓட்டிலிருந்து புரதத்தை முழுமையாக நீக்கினால் ஆபத்து குறையும், ஆனால் ‘முழுமையாக’ என்பதை ஒவ்வொரு தொகுதியிலும் சோதித்து நிறுவ வேண்டும். ஆகவேதான் ஓட்டிலிருந்து எடுத்த துணையுணவுகளின் உறையில் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. அதைத் தவிர்க்க விரும்புவோருக்காகக் காளான் வகைகளிலிருந்தும் கைட்டோசான் எடுக்கிறார்கள், பிராகொனோ தொடங்கிய இடத்துக்கே தொழில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியிருக்கிறது.

எந்த வரிசையில் எடுப்பது

ஒரு சேர்மத்தை எடுக்க மற்றவற்றை அழிப்பதே இத்துறையின் பழைய நோய். கைட்டினுக்காக ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைக்கும்போது, புரதம் காரக் கழிவுநீரோடு போய்விடுகிறது, நிறமி சிதைகிறது, சுண்ணம் உப்புக் கரைசலாகச் சாக்கடைக்கு ஓடுகிறது. ஒரு கழிவை நீக்கப் புறப்பட்டு, சுத்திகரிக்க மேலும் கடினமான இன்னொரு கழிவை உண்டாக்குகிறோம். முன்பு குறிப்பிட்ட ‘நேச்சர்’ கட்டுரையின் மையக் கோரிக்கையும், கச்சா எண்ணெயைப் பல பொருள்களாகப் பிரிக்கும் ஆலையைப் போல ஓட்டுக்கும் ஒரு பிரிப்பாலை வேண்டும் என்பதே.

அதற்கான வரிசை, மென்மையானதிலிருந்து கடுமையானதை நோக்கிப் போக வேண்டும். புதிதாக வந்த இறால் தலைகளை முதலில் நொதியோடு வெதுவெதுப்பாக வைத்தால், புரதம் பெப்டைடாக நீரில் இறங்கும், நிறமியைச் சுமந்த எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்துவிட்டு, எஞ்சிய ஓட்டைச் சர்க்கரை ஊட்டிய லாக்டிக் அமில பாக்டீரியாக்களிடம் விடலாம். அவை சுரக்கும் அமிலம் சுண்ணத்தைப் பெருமளவு கரைத்து, ஒட்டியிருக்கும் புரதத்தையும் தளர்த்திவிடும். நாள்கள் சில பிடிக்கும், கிடைக்கும் கைட்டினும் வேதிமுறையில் வருவதுபோல் அவ்வளவு தூய்மையாக இராது. ஆனால் கடைசியில் செலுத்த வேண்டிய அமிலமும் எரிசோடாவும் வெகுவாகக் குறையும், அமிலத்தில் கரைந்த சுண்ணமோ கால்சியம் லாக்டேட்டாக உணவுத் துறைக்குப் போகலாம். காயத்துக்கான கட்டுத்துணிக்கு வேண்டிய தூய்மை இவ்வழியில் கிட்டாவிட்டால், அதற்குரிய பங்கை மட்டும் பழைய முறைக்கு அனுப்பிவிட்டு, விதைகளுக்குப் பூசவும் கழிவுநீரில் மாசைத் திரட்டி இறக்கவும் தேவைப்படும் கைட்டோசானை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பயனுக்கு எவ்வளவு தூய்மை போதும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்ட ஆலைக்கே இக்கணக்கு கட்டுப்படியாகிறது.